இரவு பதினொன்றரைக்கு எல்லாக் காரும் சேர்ந்து கேட்டால்?

லண்டனில் எங்கட ஆக்கள் கூடுகிற பிறந்தநாள் விழாக்களில், வீட்டு விலைக்கு அடுத்தபடியாக இப்போது ஓடுகிற கதை மின்சாரக் கார்தான். "எல்லாரும் வாங்கினா நாட்டில கரண்ட் காணுமோ?" என்று ஒரு மாமா கட்டாயம் கேட்பார்.

நாட்டில் காணும். இடிக்கக்கூடிய இடம் உங்கள் தெரு.

நாளுக்கு 20 மைல் ஓடுகிற காருக்கு ஆறேழு யூனிட் போதும். வீட்டில் பூட்டுகிற 7 கிலோவாட் சார்ஜரில் அது ஒரு மணி நேர வேலை. கார் இரவு முழுக்கச் சும்மாதானே நிற்கிறது? ஆக மின்சாரத்தின் அளவில் சிக்கலில்லை, நேரத்தில்தான் இருக்கிறது. 200 வீடுகளுக்கு 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று என்று வையுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் கெட்டில் போடமாட்டார்கள், வீட்டுக்குச் சராசரியாக 2 கிலோவாட் போதும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. கெட்டில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். கார் நிற்காது. 70 கார்கள் ஒன்றாகத் தொடங்கினாலே அந்தப் பெட்டி நிரம்பிவிடும்.

பிரிட்டனில் 'மை எலக்ட்ரிக் அவென்யூ' என்ற ஆய்வு இதை உண்மையான தெருக்களில் சோதித்துப் பார்த்தது. 40 முதல் 70 வீதம் வாடிக்கையாளர்கள் மின்கார் வைத்திருக்கும்போது, தெருக் கம்பிகளில் 32 வீதத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அதன் முடிவு. அந்தக் கணக்கு 3.5 கிலோவாட் சார்ஜிங்குக்குப் போட்டது. இன்றைய வீட்டு சார்ஜர் அதைப்போல் இரண்டு மடங்கு.

மலிவுக் கட்டணம் இரவில் கிடைக்கிறது, டைமர் போட்டுவிட்டுப் படுத்தால் சரிதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். மலிவு நேரம் 11.30க்குத் தொடங்கினால், தெருவில் உள்ள எல்லா டைமரும் 11.30க்கே விழிக்கும். மாலை நெரிசலைத் தூக்கி நடுராத்திரியில் வைத்த மாதிரி.

என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகின வியாதி. சர்வர் ஒன்று விழுந்து எழும்பும்போது, காத்திருந்த ஆயிரம் கணினிகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டினால் அது திரும்பவும் விழும். அதற்கு நாங்கள் செய்கிற வைத்தியம் மிக எளிது. ஒவ்வொன்றையும் தற்செயலான சில நொடிகள் பொறுத்துத் தட்டச் சொல்லுவோம்.

அதே வைத்தியம் 2022 ஜூன் 30 முதல் இங்கே சட்டம். வீட்டுக்கு விற்கிற புது சார்ஜர், சொன்ன நேரத்திலிருந்து 10 நிமிடம் வரை தற்செயலாகத் தாமதித்தே தொடங்க வேண்டும். வார நாட்களில் காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 10 வரையான நேரத்தைத் தவிர்க்கும்படி அமைத்துத்தான் தரவும் வேண்டும். வேண்டுமென்றால் நீங்கள் மாற்றலாம். சார்ஜர் உடனே தொடங்கவில்லை என்று கம்பனிக்குப் போன் எடுக்காதீர்கள்! அது பழுதில்லை.

ஆனால் பத்து நிமிடத் தாமதம் முதல் அதிர்ச்சியை மட்டும்தான் தணிக்கும். கால் மணி கழித்து எல்லாக் காரும் சேர்ந்துதான் ஓடிக்கொண்டிருக்கும். "காலை 7 மணிக்கு ரெடியாக இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொடங்கும் நேரத்தை ஆப்பிடம் விடுகிற முறை இதைவிட நல்லது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. உங்களுக்கு பில் அனுப்புகிற கம்பனி வேறு, தெருக் கம்பியைப் பராமரிக்கிற கம்பனி வேறு. லண்டனின் பெரும்பகுதியில் கம்பி யுகே பவர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடையது. பில் கம்பனியின் மென்பொருள் பார்ப்பது நாட்டின் மின்விலையை. உங்கள் தெரு மூலைப் பெட்டியின் சூட்டை அது பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் பேச வைப்பதுதான் மிச்சமிருக்கிற பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

வாங்க யோசிக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகள் சிலவற்றில், ஒரே கேபிள் ஒரு வீட்டுக்குள் வந்து அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். அப்படியென்றால் சார்ஜர் பூட்டுமுன் கம்பி நிறுவனம் வந்து கேபிளைப் பிரிக்க வேண்டியிருக்கும், தோட்டத்தைத் தோண்டவும் வேண்டியிருக்கும். கார் புக் பண்ண முதலே மீட்டர் பெட்டியைப் படமெடுத்து சார்ஜர் பூட்டுகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அவர் சம்மதமும் தேவைப்படலாம்.