நர்ஸம்மாவுக்கு யார் நர்ஸ்?

"ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்களுக்கு என்ன கவலை? கூப்பிடு தூரத்துல டாக்டர், கையெட்டும் தூரத்துல மருந்து!"... இப்படித்தானே நினைக்கிறீர்கள்? உங்கள் மகளோ, மருமகளோ நர்ஸாக இருந்தால் இந்தப் பேச்சே வராது. டியூட்டி முடிந்து வந்ததும் 'அம்மாடி' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைத் தினமும் பார்ப்பீர்களே!

முதலில் முதுகு.

நோயாளியைப் புரட்டணும், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றணும், பாத்ரூமுக்குத் தாங்கிப் போகணும். அரிசி மூட்டை அசையாது. நோயாளி அசைவார், சரிவார், திடீரென்று கழுத்தைப் பிடித்துத் தொங்குவார். அதனால்தான், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவருக்கு 16 கிலோவுக்கு மேல் பாரம் வரக்கூடாது என்று 2007-ல் அமெரிக்காவில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 60 கிலோ மனிதரை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 30 கிலோ! கூட ஆள் கூப்பிடுவதும், கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவதும், தூக்காமல் விரிப்போடு நகர்த்துவதும் சோம்பேறித்தனம் இல்லை. முதுகுக்குப் பாதுகாப்பு.

அடுத்து ஊசி.

ஊசி போட்டுவிட்டுத் திரும்ப மூடியை மாட்டும்போது 'சுருக்'கென்று விரலில் குத்திவிடும். அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ்-பி இருந்து, நர்ஸ் தடுப்பூசி போடாதவராக இருந்தால்? அப்படி நூறு பேருக்குக் குத்தினால் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எச்.ஐ.வி. என்றால் சுமார் 300 பேரில் ஒருவருக்கு.

குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே மேலதிகாரியிடம் சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிடணும்.

சிக்கல் எங்கே தெரியுமா? 'திட்டுவாங்களோ, வீட்டுல பயந்துடுவாங்களோ' என்று மறைத்துவிடுகிறார்கள். மணி ஓடிவிடுகிறது! "ஹெபடைடிஸ்-பி ஊசி மூணும் போட்டாச்சாம்மா?" என்று இன்றைக்கே கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, நைட் டியூட்டி.

உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வந்தால் விழி, இருட்டினால் தூங்கு என்பது அதன் கட்டளை. அதை மாற்றினால் தூக்கம், ஜீரணம் இரண்டும் கெடும். வருடக்கணக்கில் இரவு வேலை பார்ப்பது புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-ல் சொன்னது. 2019-லும் உறுதி செய்தது. பயப்படச் சொல்லவில்லை. பகல் தூக்கத்தைப் பறிக்காதீர்கள் என்கிறோம்.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. நைட் முடிந்து வந்த மருமகளிடம் "குக்கர் வெச்சுட்டுப் படுத்துக்கோயேன்" என்று சொல்லலாமா? ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். காலிங் பெல்லுக்கு நீங்களே எழுந்து போங்கள். தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறவரை, முடிந்தால் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

ராத்திரி முழுக்க யார் வீட்டு அப்பாவையோ கண்விழித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு ஆறு மணி நேரம் அவள் நிம்மதியாகத் தூங்கட்டுமே!