நாய்க்குட்டியா, பூனைக்குட்டியா?



ஒரு நாள் காலை, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு என் அறைக்கு வந்தான். பெட்டிக்குள் ஏறத்தாழ இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, சாலையோரம் கிடந்தது. பூனைக்குட்டி என்றால் அம்மா சம்மதிப்பார். நாய்க்குட்டி என்றால் வேலை அதிகம் என்பார். அது மெய்தானா?" என்று வினவினான். அவனுக்கு நான் கூறிய விடையை எல்லாரும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இங்கு எழுதுகிறேன்.

நாய் ஓநாய் இனத்திலிருந்து வந்த பிராணி. குறைந்தது 14,000 ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து வருகிறது. கூட்டமாக வாழ்வது அதன் இயல்பு. வீட்டில் வளரும் நாய்க்கு நாமே அதன் கூட்டம். பூனையின் முன்னோரோ தனித்து வேட்டையாடியவை. மனிதன் சேர்த்து வைத்த தானியத்தைத் தின்ன வந்த எலிகளைத் தேடி அவை நம்மை நெருங்கின. சைப்பிரஸ் தீவில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட 9,500 ஆண்டுப் பழமையான பூனை எலும்புக்கூடு கிடைத்துள்ளது. இந்த இயல்பு வேறுபாடே வளர்ப்பு முயற்சியின் வேறுபாட்டுக்குக் காரணமாகும்.

முதலாவது தூய்மை. பூனைக்குட்டி பிறந்து நான்கு வாரத்திலேயே மண்ணைத் தோண்டிக் கழிவை மூடும் பழக்கத்தைத் தொடங்கிவிடும். ஒரு தட்டில் மணல் வைத்து, நாள்தோறும் சுத்தம் செய்தால் போதும். இரண்டு மாத நாய்க்குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். இரவிலும் ஒருவர் எழ வேண்டும். சரியான இடத்தில் கழித்தால் பாராட்ட வேண்டும். தவறியதற்காக அடித்தால் அது அஞ்சுமேயன்றிக் கற்காது.

இரண்டாவது துணை. பூனைக்குட்டி நாளில் பாதிக்கு மேல் உறங்கும். நாய்க்குட்டியைத் தனியே விட்டால் ஊளையிடும். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் மாதங்களில் செருப்பையும் பள்ளிக் காலணியையும் கடித்துக் குதறும். பெற்றோர் இருவரும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பிள்ளைகளும் பள்ளிக்கு வந்துவிட்டால், நண்பகல் வரை அது சங்கிலியில் தனித்துக் கிடக்கும். அவ்வாறு வளரும் நாய் அச்சம் மிகுந்து குரைப்பதும் கடிப்பதும் வியப்பன்று. மூன்றாம் வாரம் முதல் மூன்று, மூன்றரை மாதம் வரையிலான பருவமே அது மனிதரோடு பழகக் கற்கும் பருவம்.

இதனால் பூனைக்குட்டிக்கு உழைப்பே வேண்டாம் என்று எண்ணுதல் தவறு. உணவில் பூனையே கண்டிப்பானது. நாய்க்குச் சோற்றோடு இறைச்சியும் மீனும் கலந்து கொடுக்கலாம். பூனையோ முற்றிலும் ஊனுண்ணி. இறைச்சியில் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்; ஆதலின் பாலும் சோறும் மட்டும் வைப்பது போதாது. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமோல் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. மேலும், பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே கருவுறக்கூடும். கருத்தடை செய்யாவிடில் ஓராண்டில் ஒரு பூனை பத்தாகிவிடும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவை இரண்டிற்கும் பொது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி தொடங்கி, நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடப்பட வேண்டும். நாய்க்கு ஊராட்சி உரிமமும் தேவை. லயத்து வீடுகள் நெருக்கமானவை. அண்டை வீட்டார் முஸ்லிம்களாயின் நாய் அவர்கள் மீது படாதவாறு காப்பது நம் பண்பாகும்.

குட்டிகளை ஆசைக்கு எடுத்து, பின் தெருவில் விடுவதன் விளைவை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டது. அப்போது பினாங்கில் தெருநாய்கள் கொல்லப்பட்டன. யாரோ கைவிட்ட குட்டிகளும் அவற்றின் வழிவந்தவையுமே தெருநாய்கள். நாயோ பூனையோ கடித்தால், காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி உடனே மருந்தகம் செல்க. அந்நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது.

நாய்க்குட்டி நம் நேரத்தைக் கேட்கிறது. பூனைக்குட்டி நம் கவனத்தைக் கேட்கிறது. இரண்டுமே பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியவை. குட்டியைத் தூக்குமுன், "பகலில் வீட்டில் இருப்பவர் யார்? நான் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் இதற்குச் சோறிடுபவர் யார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாணவனின் வீட்டில் பகலில் ஒருவரும் இலர். அவன் தாயார் மறுத்தார், அதுவும் அன்பே. ஓய்வுபெற்ற தோட்டக் காவலர் ஒருவர் குட்டியை ஏற்றுக்கொண்டார். மாணவன் அன்று அழுதான். ஆயினும், இன்று வரை மாலைதோறும் சென்று அதனை நடக்க அழைத்துச் செல்பவன் அவனே.