பழைய மூங்கில் தடிக்கு எந்த நூல்?

1880களில் துரைமார் டிரவுட் மீன்களை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்த கதையைச் சென்ற கிழமை பார்த்தோம். அந்த மீனுக்காக வந்த தூண்டில் தடிகளைப் பற்றி இந்தக் கிழமை எழுதுகிறேன். டிரவுட் வாழக் குளிர்ந்த நீர் வேண்டும். அதனால் அது ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளோடு நின்றுவிட்டது. தடிகளோ துரைமாரின் சாமான்களோடு கீழே இறங்கி, கண்டிப் பக்கத்து வீட்டுப் பரண்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

அம்பிட்டியவில் குருமடத்துக்கு அருகே வசிக்கும் நண்பர் ஒருவரிடம் அப்படியொரு தடி இருக்கிறது. மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாகச் சீவி, ஒட்டிச் செய்தது. தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் விளையும் டொங்கின் மூங்கில்தான் இந்த வேலைக்குப் பேர்போனது. இங்கிலாந்தின் அல்னிக் நகர ஹார்டி சகோதரர்கள் 'பலகோனா' என்ற பெயரில் விற்ற தடிகள் உலகெங்கும் போயின. நண்பரின் தடியிலோ பெயர் அழிந்துவிட்டது. எந்த நூல் போடுவது என்று கேட்டார்.

கேள்வி சின்னதல்ல. நாம் தங்கூசியில் ஈயம் கட்டி எறிகிறோம். ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. டிரவுட்டுக்குப் போடும் ஃப்ளை, இறகு சுற்றிய கொக்கி மட்டுமே. அதற்குப் பாரமே இல்லை. தடியை வளைத்து ஃப்ளையைத் தூரம் கொண்டுபோவது நூலின் பாரம்தான். அது குறைந்தால் தடி வளையாது. கூடினால் பழைய தடிக்கு ஆபத்து.

இன்றைய நூல்களின் எண்கள் 1961இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டவை. முதல் 30 அடியின் நிறைதான் கணக்கு: 4ஆம் எண் ஏறத்தாழ 7.8 கிராம், 5ஆம் எண் 9.1 கிராம், 6ஆம் எண் 10.4 கிராம். அதற்கு முன்பு பட்டு நூல்களை எழுத்தால் குறித்தார்கள். அந்த எழுத்துகள் நிறையைச் சொல்பவை அல்ல, பருமனைச் சொல்பவை. எச்.டி.எச். என்றால் இரு நுனியும் 0.025 அங்குலம், நடுப்பகுதி 0.045 அங்குலம். பட்டு அடர்த்தியானது, மிதக்கும் பிளாஸ்டிக் நூல் அதே நிறைக்குக் கூடுதலாகப் பருத்திருக்கும். ஆகவே பருமனைப் பார்த்து வாங்கினால் தவறான நூல்தான் கிடைக்கும். எச்.டி.எச். ஏறத்தாழ இன்றைய 5 அல்லது 6, எச்.ஈ.எச். ஏறத்தாழ 4.

எழுத்தும் எண்ணும் இல்லாத தடியிடமே கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன்பு தடியைச் சோதியுங்கள். அந்தக் காலத்துத் தடிகள் பலவற்றை விலங்குப் பசையால் ஒட்டினார்கள். ஈரம் பட்டால் அது இளகிவிடும். கண்டி மழையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த தடியில் வார்னிஷ் உரிந்திருக்கிறதா, கீற்றுகளுக்கிடையே கோடு விழுந்திருக்கிறதா, உலோக மூட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தடியால் நூல் எறியாதீர்கள்.

குறையில்லையென்றால் புல்தரைக்குப் போங்கள். கொக்கி வேண்டாம், முனையில் ஒரு கம்பளித் துண்டு போதும். இரு நுனியும் ஒரேமாதிரி மெலிந்த 4ஆம் எண் நூலில் தொடங்கி, 20 அடி, பிறகு 30 அடி விட்டு எறியுங்கள். வளைவு நுனியிலேயே நின்றுவிட்டால் 5க்குப் போங்கள். கைப்பிடிவரை இறங்கி, திரும்ப நிமிரச் சோம்பினால் ஓர் எண் குறையுங்கள். மூங்கிலுக்குச் சொந்தப் பாரமே அதிகம். அது மெதுவாகத்தான் வளைந்து நிமிரும். கார்பன் தடிக்குப் பழகிய கை அவசரப்படும். அவசரத்துக்கு மருந்தாகக் கனமான நூலைப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தடிகள் முறிவது அப்படித்தான்.

மலை ஓடைகளில் 30 அடி நூல் வெளியே போவது அரிது. குறுகிய தூரத்தில் தடி வளைய ஓர் எண் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல தடிக்கு அது பொருந்தும். ஆனால் பசையின் வயது தெரியாத தடிக்கு எடை குறைந்த நூலே என் தெரிவு.

பட்டு நூலும் கிடைக்கிறது. பழைய தடியின் சிறிய வளையங்களில் அது வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரித்துக் காயவைத்துக் கொழுப்புத் தடவ வேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் இற்றுப்போகும். நம் மழைக்காலத்தில் அதற்கு நேரமுள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள்.

நண்பரின் தடிக்கு 5ஆம் எண் பொருந்தியது. உங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருந்தால் மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். நன்றாகக் காயவைத்து, துணிப்பையில் போட்டு, ஆணியில் நேராகத் தொங்கவிடுங்கள்.

(தொடரும்)