சாலையோரப் பந்தி

அமெரிக்க நெடுஞ்சாலையில் ராத்திரி வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் மானையோ ரக்கூனையோ அள்ளிப்போக ஆள் வருவதற்குள், விடிந்ததும் ஒரு பறவை வந்து இறங்கிவிடும். கருப்போடிய பழுப்பு உடல், இறகில்லாத சிவந்த தலை, விரித்தால் ஆறடிச் சிறகு. தலை வான்கோழியை நினைவூட்டுவதால் வான்கோழிக் கழுகு என்று பெயர்.

பிணம் கிடக்கும் இடம் இதற்கு எப்படித் தெரிகிறது? கழுகுக்கு மோப்பமே கிடையாது என்று 1826இல் ஓவியர் ஆடுபான் அடித்துச் சொன்னார். நூறாண்டு தாண்டியும் வாக்குவாதம் ஓயவில்லை. தீர்த்துவைத்தது எரிவாயு. வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நாற்றத்துக்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன், அழுகும் உடலிலிருந்தும் கிளம்பும். கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாய் கசிந்த இடங்களில் இந்தக் கழுகுகள் கூடியதை நிறுவனத்தார் கவனித்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர் சோதித்துப் பார்த்து, 1964இல் மோப்பத்தை உறுதிசெய்தார். இதன் மூக்குத் துவாரங்களுக்கு நடுவே தடுப்புகூடக் கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் மறுபுற வெளிச்சம் தெரியும். மோப்பம் போதாத கருங்கழுகுகள் இதைப் பின்தொடர்ந்து வந்து, கண்டுபிடித்தவனையே பந்தியிலிருந்து விரட்டுவதும் உண்டு. வயிற்று அமிலமோ பல கிருமிகளைக் கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது.

வேதாகமத்தில் லேவியராகமம் 11ஆம் அதிகாரம், தின்னக்கூடாத பறவைகளில் கழுகையும் காகத்தையும் சேர்க்கிறது. பிணம் தின்பதை மனிதன் தின்னாதிருப்பது உடம்புக்கும் நல்லதே. ஆனால் அங்கே அருவருக்கச் சொன்னது தின்பதைத்தான்; பறவையையே வெறுக்கச் சொன்னதாக நாமே நீட்டிக்கொண்டோம். யோபு 39இல் கழுகின் கூர்ந்த பார்வையையும் ரத்தம் குடிக்கும் அதன் குஞ்சுகளையும் கடவுள் தம் கைவேலையாகவே எடுத்துக் காட்டுகிறார். லூக்கா 12இல், கடவுள் போஷிப்பதற்கு இயேசு காட்டும் உதாரணம் அதே பட்டியலில் இருக்கும் காகம். இந்த வசனத்தை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. காகம் எதைத் தின்று பிழைக்கிறது என்று பிரசங்கிமார் சொல்வதில்லை.

ஒகையோ மாநிலத்து ஹிங்க்லி ஊரில், வலசை முடிந்து திரும்பும் வான்கோழிக் கழுகுகளுக்கு 1957 முதல் மார்ச் நடுவில் ஒரு ஞாயிறன்று வரவேற்பு விழா நடக்கிறது. அது லெந்து காலத்தில் வருகிறது. மண்ணுக்குத் திரும்புவதைச் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்கிறவர்களுக்கு, அந்தத் திரும்புதலை விரைவாக நடத்திவைக்கும் பறவை பொருத்தமான விருந்தாளிதான்!

இந்த ஊழியம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிமருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற நம் கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டுச் சாகவைத்தது. 2006இல்தான் கால்நடைக்கு அந்த மருந்து தடையானது. கழுகுகள் ஏறக்குறைய அற்றுப்போய், பிணங்கள் தின்ன ஆளின்றி அழுகிக் கிடந்ததால் 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று கணக்கிடுகிறது.

சாலையில் பந்தி கிடைக்கிறது; அதே பந்தியில் உயிரும் போகிறது. வயிறு நிறையத் தின்ற கழுகால் சட்டென்று எழும்ப முடியாது. நம்மூர்ச் சாலையில் செத்த நாயைக் கொத்தும் காகத்துக்கும் பருந்துக்கும் வண்டி எமன்தான். தூரத்தில் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். நிறுத்த வசதியான இடமாக இருந்தால், கை படாமல் ஒரு கம்பால் பிணத்தைத் தார்ச்சாலையிலிருந்து மண் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போங்கள்.