தூண் நட்டு வீட்டை நீட்டலாமா?

அமெரிக்கப் பண்ணைகளில் 1930-களில் பரவிய முறை இது. நீண்ட அஸ்திவாரம் கிடையாது. மருந்தேற்றிய மரத்தூண்களைக் குழியில் நட்டு, கூரைப் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றுவார்கள். செலவு குறைவு என்பதால் வீட்டோடு கூடுதல் அறை சேர்க்கவும் இது உதவுகிறது.

குழி ஏன் ஆழமாக இருக்க வேண்டும்? குளிரில் மண்ணிலுள்ள நீர் உறையும்போது, கீழிருந்து மேலும் நீரை இழுத்துப் பனிப் படலங்களாகத் தடித்து, மண்ணையே மேலே தூக்கும். அதனால் தூணின் அடி, உறையும் மண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும்; குளிர் மிகுந்த அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவில் 42 முதல் 60 அங்குல ஆழம் கட்டாயம்.

தூண் முதலில் மக்குவது எங்கே? தரைமட்டத்தை ஒட்டித்தான். பூஞ்சைக்கு ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான்.

பழைய வீடும் புதிய அறையும் ஒரே அளவில் அமிழாது. இணைப்பில் அசைவுக்கு இடம் விடுங்கள். இல்லையேல் சுவரில் விரிசல் விழும்.