சைக்கிள் ஹெல்மெட்டில் முத்திரை எதற்கு?
சைக்கிள் ஹெல்மெட்டில் தலையைக் காப்பது பளபளக்கும் மேல் ஓடு அல்ல. உள்ளே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தெர்மோகோல் வகை நுரைதான். அதன் தரத்தைக் கடையில் அமுக்கிப் பார்த்து அறிய முடியாது. அதனால்தான் சோதனையில் தேறியதைக் காட்டும் முத்திரை முக்கியம். 1999 மார்ச் முதல் அமெரிக்காவில் கட்டாயமான விதிப்படி, தலை மாதிரியில் ஹெல்மெட்டை மாட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தின் 300 மடங்கைத் தாண்டக் கூடாது. வார் அறுந்துவிடுமா, ஹெல்மெட் கழன்றுவிடுமா என்றும் இழுத்துப் பார்க்கிறார்கள்.

விபத்தில் தலை பெரும்பாலும் சாய்வாக மோதிச் சுழல்கிறது, இந்தச் சோதனை அதை அளப்பதில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சாய்தள மோதலில் சோதித்து நட்சத்திர மதிப்பு தருகிறது. முத்திரை பெற்றவற்றுக்குள்ளும் அங்கே நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அது இன்னும் கடுமையான விதி கேட்கக் காரணமே தவிர, எந்தச் சோதனைக்கும் உட்படாத ஹெல்மெட்டைப் பிள்ளையின் தலையில் மாட்டக் காரணமல்ல.