டிசைன் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர்: பாகம் பாகமாகப் பார்த்து வாங்கலாம்!

கல்யாணப் பத்திரிகை, பிறந்த நாள் பேனர், ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் என்று வீட்டிலிருந்தபடியே டிசைன் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கிற பெண்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் ஆரம்பிப்பதற்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே? கடையில் தயாராக வைத்திருப்பதை வாங்கினால், நமக்கு வேண்டாததற்கும் சேர்த்துப் பணம் அழ வேண்டியிருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டால், எதில் தாராளமாகச் செலவழிப்பது, எதில் கையைச் சுருக்குவது என்பது நம் இஷ்டம்.

என் சின்ன நாத்தனாருக்கு இப்படித்தான் வாங்கினோம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். கையில் இருந்தது சீட்டு எடுத்த ஐம்பதாயிரம் ரூபாய். அது வீணாகிவிட்டால் இன்னொரு சீட்டு எடுக்க இரண்டு வருஷம் ஆகும். அதனால் ஒவ்வொரு சாமானையும் புடவைக் கடையில் ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தோம்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நாம் செய்யப் போகிற வேலை என்ன? பத்திரிகை, லேபிள், லோகோ, போட்டோ திருத்தம் என்றால் ஒரு விதம். வீட்டு உள் அலங்காரத்தை முப்பரிமாணத்தில் காட்டுவது, வீடியோ எடிட்டிங் என்றால் வேறு விதம். இரண்டாவது வகைக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு அவசியம். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "கிராபிக்ஸ் கார்டு இல்லாம டிசைன் வேலையா? சிரிப்பாங்கம்மா!" என்றார். உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் ஒரு பெட்டியையும் காட்டினார். தீபாவளிக்கு வாசலில் வைக்கலாம் போல அழகாகத்தான் இருந்தது! அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது. பத்திரிகை டிசைனுக்கு, பிராசசருக்குள்ளேயே அடங்கியிருக்கும் கிராபிக்ஸ் தாராளமாகப் போதும்.

ஆனால் எல்லா பிராசசரிலும் அது இருக்காது. இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். இன்டெல்லில் ஐ3-12100 என்றால் கிராபிக்ஸ் உண்டு. கடைசியில் ‘எஃப்’ சேர்ந்து 12100எஃப் என்றிருந்தால் கிடையாது. ஏஎம்டியில் நேர் மாறாக, ரைசன் 5 5600-ல் கிடையாது. ‘ஜி’ சேர்ந்த 5600ஜி-யில் உண்டு. ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் திரையில் படமே வராது! நாங்கள் 5600ஜி எடுத்தோம்.

இன்னொன்று, "ஐ5 மேடம், செகண்ட் ஹேண்ட், பாதி விலை" என்று சொன்னால் மயங்கிவிடாதீர்கள். ஐ5 என்ற பெயர் 2009-லிருந்து வருகிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லும். எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாதவை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது.

அடுத்தது மெமரி. துணி வெட்டும் மேஜை மாதிரி இது. மேஜை சின்னதாக இருந்தால் துணியை மடித்து மடித்து வெட்ட வேண்டியிருக்கும், இல்லையா? பெரிய போட்டோவைத் திறந்ததும் கம்ப்யூட்டர் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி என்பார்கள். அதோடு நிறுத்தாதீர்கள், 16 ஜிபி போடுங்கள். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் இந்த மெமரியிலிருந்துதான் கொஞ்சம் கடன் வாங்கும்.

ஒரே பட்டையாக 16 வாங்குவதைவிட 8, 8 என்று இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். ஆனால் மலிவான மதர்போர்டுகளில் மெமரிக்கு இரண்டே ஸ்லாட்தான். இரண்டும் நிரம்பிவிட்டால், பின்னால் கூட்ட நினைக்கும்போது இருப்பதைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான். நாங்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து நாலு ஸ்லாட் போர்டு வாங்கினோம். 2025 கடைசியில் மெமரி விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலைக்காகப் பெரிய கம்பெனிகள் வாங்கிக் குவித்ததுதான் காரணம். இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், வேறெதிலாவது பிடியுங்கள். நான் இங்கே விலை எழுதாததும் இதனால்தான். இன்றைய விலை நாளைக்கு இல்லை.

பிராசசரும் போர்டும் மெமரியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 5600ஜி-க்கு ஏஎம்4 போர்டு, டிடிஆர்4 மெமரி. டிடிஆர்5 அதில் நுழையவே நுழையாது. பழைய பி450 போர்டாக இருந்தால், பயாஸ் அப்டேட் செய்து, இந்த பிராசசர் ஓடுகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 500 ஜிபி எஸ்எஸ்டி. இதில் யோசிக்கவே வேண்டாம். வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதையும் மாட்டி, முடிந்த ஆர்டர்களின் நகலைப் போட்டு வையுங்கள்.

மானிட்டர் விஷயத்தில் பலர் அளவை மட்டும் பார்க்கிறார்கள். டிசைன் செய்கிறவர் பார்க்க வேண்டியது நிறம். ‘ஐபிஎஸ்’ வகைத் திரை வாங்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. எஸ்ஆர்ஜிபி நிறங்களில் எத்தனை சதவீதம் காட்டும் என்று பெட்டியிலோ விவரத் தாளிலோ இருக்கும். 99, 100 என்றிருந்தால் நல்லது. 144 ஹெர்ட்ஸ், 180 ஹெர்ட்ஸ் என்று ஆசை காட்டினால், அதுவும் விளையாட்டுக்குத்தான். எவ்வளவு நல்ல திரையானாலும் அது ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகமோ மையால். திரையில் பளிச்சென்ற பச்சை தாளில் மங்கித்தான் விழும். பாக்கு வெற்றிலை நிறத்தில் கேட்ட பத்திரிகை பாசி நிறத்தில் வந்தால் கல்யாண வீட்டார் சும்மா இருப்பார்களா? டிசைனை சிஎம்ஒய்கே-யில் தயார் செய்து, ஒரு மாதிரித் தாள் அடித்துப் பார்த்துவிட்டே மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கச் சொன்னேன்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பது அதுதான். மட்டமானது கெட்டால், சில சமயம் போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடும். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ள 450 வாட் தனியாக வாங்குங்கள். கேபினட் எதுவானாலும் சரி, காற்று போய் வந்தால் போதும். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து அணைப்பதற்கு யுபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தச் செலவைச் செய்யுங்கள். சிலவற்றில் பின்புறம் அதற்கு ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு.

சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. குழந்தை தூங்கிய மதியத்தில் சாப்பாட்டு மேஜையில் வைத்தே முடித்தோம். முதலில் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பிராசசர் மூலையில் உள்ள தங்க முக்கோணமும் போர்டில் உள்ள முக்கோணமும் ஒரே பக்கம் வர வேண்டும். தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. மெமரியை மட்டும் ‘டிக்’கென்று சத்தம் வரும் வரை அழுத்தலாம். "அண்ணி, உடைஞ்சிடப் போகுது!" என்று கண்ணை மூடிக்கொண்டாள் நாத்தனார். உடையவில்லை!

ஒரு கடையில், பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள். கேட்க இனிக்கத்தான் செய்யும். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டியை எப்படிக் கேட்பது? ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். காலிப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாரண்டி முடிகிற வரை பரணிலேயே இருக்கட்டும்.